டோர்னாவின் முதுகு

மார்ச் 4
லாயத்துக்குப் புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள். பெயர் மெரேத்தே, ஓல்போர்க்கில் பல் மருத்துவராம். ஐம்பத்திரண்டு வயதில் முதல் குதிரை! காரிலிருந்து இறக்கிய சாமான்களைப் பார்க்க வேண்டுமே. ஊதா விரிப்பு, ஊதாக் கயிறு, ஊதா வாளி. குதிரைக்குச் சாயம் பூசாததுதான் பாக்கி.

மார்ச் 9
வசந்தகாலச் சவாரிக்கு எல்லோரும் தோல் வார்களைக் கழுவி எண்ணெய் போட்டோம். மெரேத்தே கடிவாளத்தைத் துண்டு துண்டாகக் கழற்றிவிட்டு முழித்தாள்.
“எல்லின், இதைத் திரும்ப மாட்ட முடியுமா?” என்று என்னைக் கேட்டாள்.
“உன்னால முடியாது.”
அழுவாள் என்று பார்த்தால் சிரிக்கிறாள்.

மார்ச் 15
சேணத்தின் வயிற்று வாரை இறுக்கும்போது என் குதிரை டோர்னா கடிக்க வந்தாள். குளிர்காலம் முழுக்கத் தின்றுவிட்டு இப்போது வேலை செய்ய வலிக்கிறது மகாராணிக்கு. கழுத்தில் ஓங்கி ஒன்று வைத்தேன்.
“பாவம், எங்கயோ வலிக்குது போல” என்றாள் மெரேத்தே.
“நீ பல்லைப் பாரு. முதுகை நான் பாத்துக்கறேன்.”
எல்லோரும் சிரித்தார்கள்.

மார்ச் 16
நல்ல பதில்தானே?

மார்ச் 22
இன்று டோர்னாவின் தோளுக்குப் பின்னால் இருக்கும் வெள்ளை முடியைக் காட்டி, “இது போன வருஷமும் இருந்துச்சா?” என்கிறாள். சேணம் அழுத்தினால் அப்படி நரைக்குமாம், எங்கோ படித்தாளாம். என் சேணம் இருபத்திரண்டு வருடமாக என்னிடம் இருக்கிறது. நான்கு குதிரைகள் மாறியும் சேணம் மாறவில்லை. அதைப் பற்றி எனக்கு இவள் பாடம் எடுக்கிறாள்!

மார்ச் 23
யாரும் இல்லாதபோது அந்த இடத்தில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். டோர்னா முதுகைத் தாழ்த்தி விலகினாள். இன்னொரு தடவை — அப்பவும் அதேதான்.
எத்தனை நாளா? கடிக்க வந்தப்ப அடிச்சேனே. அதைத்தானே சொல்ல வந்தா.

மார்ச் 29
மெரேத்தேயின் சேணத்தைச் சரிபார்க்கச் சேணம் செய்யும் ஆக்ஸெல் வந்தார். போகிற போக்கில் என்பதுபோல் என்னுடையதையும் நீட்டினேன். முழங்காலில் வைத்து வளைத்தார். கிறீச்சென்றது.
“உள்ள மரச்சட்டம் உடைஞ்சிருக்கு, எல்லின். ரெண்டு வருஷமாவது இருக்கும். உனக்கா தெரியல?” இலையுதிர்காலம் வரை டோர்னாவின் மேல் யாரும் ஏறக் கூடாது என்றார்.
மெரேத்தே பக்கத்தில் குனிந்து குளம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். ‘நான் அப்பவே சொன்னேனே’ என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஏப்ரல் 2
மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது: “கடிவாளத்தைத் தலைகீழா மாட்டியிருக்க.”
உண்மையும் அதுதான்.
“அப்படியா? எப்படின்னு காட்டுங்க” என்றாள். காட்டினேன்.

ஏப்ரல் 12
வசந்தகாலத்தின் முதல் சவாரி. பத்தொன்பது வருடம் எல்லோருக்கும் முன்னால் போனவள், இன்று டோர்னாவைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசியில் நடந்தேன். எட்டுக் குதிரைகள் கிளப்பிய மணல் முழுக்க என் வாயில். மெரேத்தே சேணத்தில் உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தாள். பார்க்கச் சகிக்கவில்லை.
வேலிக் கதவை நான் சாத்தும்போது மற்றவர்கள் துள்ளோட்டமாகப் போய்விட்டார்கள். அவள் மட்டும் நின்றாள்.
“எனக்காக நிக்க வேண்டாம். போ.”
“நான் வேகமா போனா விழுந்துடுவேன், எல்லின்.”
பொய். போன வாரம் நான்தானே அவளுக்குத் துள்ளோட்டம் கற்றுக்கொடுத்தேன்.
கடல் வரை மெதுவாகவே போனோம். குதிகாலில் கொப்புளம். சவாரிக் காலணி நடக்க உதவாது. நடக்கிற காலணி வாங்க நாளைக்குக் கடைக்குப் போக வேண்டும்.