இன்றைக்கு ஆகிற அளவு

என் செல்லத் தங்கச்சி செல்விக்கு,

உன் மகள் யாழினிக்கு நாலு வயது முடிந்துவிட்டது. நீ இல்லாத முதல் பிறந்தநாள். மாப்பிள்ளைக்குப் பட்டாளத்தில் லீவு கிடைக்கவில்லை. பிள்ளை என்னிடம்தானே வளர்கிறாள், அதனால் மேலகரத்தில் நம் வீட்டிலேயே கேக் வெட்டினோம். தாயில்லாப் பிள்ளைக்குக் குறை வைக்கக் கூடாது என்று சொந்தபந்தம் முழுக்கக் கூடிவிட்டது. ஒரு குறையும் வைக்கவில்லை. எனக்குத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை.

நம் ஆட்களின் புத்தி உனக்குத் தெரியாததா? வளர்கிற பிள்ளை என்று சட்டையை இரண்டு அளவு பெரிதாக எடுப்பார்களே, இப்போது விளையாட்டுச் சாமானையும் அப்படித்தான் எடுக்கிறார்கள். உன் கொழுந்தன் ஒரு சைக்கிள் கொண்டுவந்தான். ஏற்றி உட்காரவைத்தால் பிள்ளையின் கால் அந்தரத்தில் தொங்குகிறது. உன் நாத்தனார் வாங்கி வந்தது, திருகாணி முடுக்கி ரோபோ செய்கிற பெட்டி. எட்டு வயதுக்கு மேல் என்று அதிலேயே போட்டிருக்கிறது. விரலை வைத்துக் காட்டினேன்.

"இருக்கட்டும் அண்ணாச்சி, வளருத புள்ளதான? இப்பமே பழகட்டும்" என்கிறாள்.

அவளே ஒரு மேக்கப் பெட்டியும் வைத்திருந்தாள். நாலு வயதுக் குழந்தையின் உதட்டில் சாயத்தைத் தேய்த்து, போனில் படம் எடுத்தார்கள். தூ!

அதோடு விட்டார்களா? அந்தப் பிஞ்சு விரலில் திருகாணியைத் திணித்து, "மாட்டு, மாட்டு" என்று வீடியோ எடுத்தார்கள். கைநழுவி விழுந்தது. மறுபடியும் விழுந்தது. "இதுகூட வரலியா? சரியான மக்கு" என்று நாத்தனார் சிரித்தாள். கூட்டமே சிரித்தது. பிள்ளை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். நீ அங்கே நின்றிருந்தால் ஒருத்தராவது சிரித்திருப்பார்களா?

மறுநாள் பால் டம்ளரை நீட்டினேன். "எனக்கு வராது மாமா. நான் மக்கு" என்றாள். முந்தின நாள்வரை தானே பிடித்துக் குடித்த பிள்ளை, செல்வி! சட்டை பெரிதானால் தடுக்கி விழுவதோடு போயிற்று. இது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டதே, இதை யார் எடுப்பது?

தொளதொள கவுனை இடுப்பில் ஊக்கு குத்திக்கொண்டு வளர்ந்தவள் நீ. உடம்புக்குச் சரியாகும்போது அது சாயம் போயிருக்கும். வயிற்றில் இவள் இருந்தபோதே, "எம்புள்ளைக்கு இன்னைக்கு ஆவுத சட்டை போதும்ணே. நாளைக்கு வேணுங்கறத நாளைக்குப் பாத்துக்கிடுதேன்" என்று சொன்னாய். பார்க்க நீ இல்லை.

சாரல் விழுந்துகொண்டிருந்தது. பிள்ளையைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போய், கடைவீதியில் ஒரு சின்ன வாளியும் கைப்பிடி வைத்த கோப்பையும் வாங்கினேன்.

"மருமவளுக்கு இதப் போயா வாங்குதிய? பேட்டரி கார் கெடக்கு, பாருங்க" என்றார் கடைக்காரர். அவர் பங்குக்கு அவரும்!

புலியருவியில் கூட்டம் குறைவு. ஓரமாக உட்காரவைத்தேன். முதலில் வாளியைத் தொடவே இல்லை. நான் கவனிக்காததுபோல் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. கோப்பையிலிருந்து வாளிக்கு, வாளியிலிருந்து கோப்பைக்கு. பாதி வெளியே சிந்தியது. எவரும் சிரிக்கவில்லை.

"மாமா, குனிங்க" என்றாள். குனிந்தேன். முழுக் கோப்பையையும் என் தலையில் கவிழ்த்துவிட்டு, "எனக்கு வருது மாமா!" என்று கத்தினாள்.

அழுதுவிட்டேன். அருவியில் அது ஒரு சௌகரியம், யாருக்கும் தெரியாது.

மேக்கப் பெட்டி குப்பைக்குப் போயாயிற்று. சைக்கிளும் திருகாணிப் பெட்டியும் பரணில். நாத்தனார் கோபித்துக்கொண்டு பேசுவதில்லை, நிம்மதியாக இருக்கிறது. தீபாவளிக்குக் கணக்குச் சொல்லித்தரும் டேப்லெட் வாங்கப்போகிறாளாம். வரட்டும், வாசலில் நான்தான் நிற்பேன்.

கால் பெடலுக்கு எட்டுகிற அன்றைக்குச் சைக்கிளை நானே இறக்குவேன். அதற்கு ஒருநாள் முன்னால்கூட இறக்க மாட்டேன். சத்தியம், செல்வி.

உன் அண்ணன்,
உன் மகளுக்கு வாளி தூக்குகிற தாய்மாமன்,
மாடசாமி