காற்று மாறும் நேரத்தில் நாற்பது நிமிடம்

ஏப்ரல் 21, செவ்வாய்

இல்லை, வேலைக்கான வீடியோ தேர்வைக் கரையில் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டுப் படகுக்குத் திரும்புவதற்கில்லை. எங்கிருந்து வேலை செய்வேனோ அங்கிருந்தேதான் தேர்வும். கம்பெனி விதி. பிரான்ஸ் மருத்துவமனைகளில் தமிழ் நோயாளிகளுக்கு வீடியோவில் மொழிபெயர்க்கும் வேலை. தேர்வில் இணைப்பு ஒருமுறை அறுந்தாலும் வேலை கிடையாது. நியாயம்தான். எந்தப் பக்கம் வலி என்ற அந்த ஒரு சொல் விழுந்துபோனால்?

கிடைத்தால் படகிலேயே இருப்பேன். இல்லையென்றால் மாதக் கடைசியில் சென்னை, சித்தி வீடு, ஏதாவது ஓர் ஆபீஸ்.

வெயில். தேங்காய்த்திட்டு முகத்துவாரத்தில் தண்ணீர் அசையவில்லை. காலையில் ஆண்டெனாவைப் படகின் முன்பக்கக் கம்பியில் கட்டினேன், மேற்கே முருங்கப்பாக்கம் டவரைப் பார்த்து. முழு சிக்னல். பெருமை.

மதியம் சிக்னலே இல்லை. கேபிள், ரூட்டர், சிம். கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, இரண்டு மணி நேரம்.

சாயங்காலம் ஜெசிந்தா அக்கா. படகு அவளுடையது. மீன்பிடி விசைப்படகுகளின் ஜி.பி.எஸ்., வயர்லெஸ் பழுது பார்க்கிறாள். ஆண்டெனாவை ஒரு பார்வை.

"மீனுக்கா மெயில் அனுப்பற?"

கடல்காற்று வந்ததும் படகு நங்கூரத்தில் அரைவட்டம் சுற்றியிருக்கிறது. தினமும் சுற்றுவதுதான். ஆண்டெனா கிழக்கே, கடலைப் பார்த்து. ஒன்பது மாதமாக இதில் தூங்குகிறேன். வீடு சுற்றும் என்பது மட்டும் மனதில் ஏறவில்லை.

ஏப்ரல் 22, புதன்

தேர்வு நாளை. பாரீஸில் காலை ஒன்பது, இங்கே பன்னிரண்டரை. சரியாகக் காற்று மாறும் நேரம். பின்னாலும் ஒரு நங்கூரம் போட்டால் படகு திரும்பாது. ஆனால் பின்பக்கம் விசைப்படகுகள் போகிற வழி. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு ஆண்டெனா வைத்தால் தீரும். இன்னோர் ஆண்டெனா இந்தச் சனிக்கிழமைதான் வரும்.

அக்கா தட்டாஞ்சாவடிப் பட்டறையிலிருந்து இரும்புக் குழாயோடு வந்தாள். மேல்தளத்தில் நட்டாள். நுனியில் ஆண்டெனா. கையால் திருப்பலாம்.

"மாடியில ஏரியல் திருப்புவாங்களே, அதே கததான். நான் மேல, நீ கீழ."

"பேசிக்கிட்டிருக்கும்போது 'தெரியுது, தெரியல'ன்னு கத்த முடியாதுக்கா."

யோசித்தாள். தூண்டில் நரம்பு எடுத்தாள். ஒரு முனை என் கால் கட்டைவிரலில், மறுமுனை அவள் மணிக்கட்டில். சிக்னல் குறைந்தால் ஓர் இழுப்பு.

ஒத்திகை. மூன்று முறை இழுத்தேன்.

"மெதுவா இழுடி. நான் என்னா சுறாவா?"

வாங்க வேண்டியவை: ப்யூஸ், எலுமிச்சை, நாப்கின்.

ஏப்ரல் 23, வியாழன்

பன்னிரண்டுக்கே நரம்பைக் கட்டைவிரலில் கட்டிக்கொண்டேன். அக்கா மேலே.

12.30. திரையில் ஒரு பிரெஞ்சு மருத்துவர். நோயாளியாக நடிக்க ஒரு தமிழ்ப் பெண். "இங்க சுருக்குனு குத்துது, அப்பறம் முதுகுக்குப் போவுது." சுருக்கென்று. பிரெஞ்சில் தேடினேன். கிடைத்தது.

12.50. ஜன்னலில் கரை நகர ஆரம்பித்தது. விசைப்படகுகள், பிறகு வெறும் கடல், பிறகு மறுகரை. சிக்னலைப் பார்த்தேன். ஒரு கோடுகூடக் குறையவில்லை. கட்டைவிரலை அசைக்கவே இல்லை. மேலே குழாய் உரசும் சத்தம் மட்டும், ஒரே சீராக. படகு எந்த வேகத்தில் திரும்பியதோ அதே வேகத்தில் அக்கா எதிர்ப்பக்கம் திருப்பினாள். உச்சி வெயிலில், கொதிக்கும் தளத்தில். கவனம் என்பதைப் பற்றி எத்தனை பக்கம் படித்திருப்பேன். ஒன்றிலும் இது இல்லை.

1.10. "திங்கட்கிழமையிலிருந்து வரலாம்" என்றார்கள். நன்றி சொல்லி மூடினேன்.

முடிந்ததற்கு என்ன அடையாளம் என்று பேசி வைக்கவில்லை. நரம்பை அவிழ்த்துவிட்டு மேலே ஏறினேன். அக்கா குழாயைப் பிடித்தபடி, கண்ணைச் சுருக்கி, டவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டை முதுகு முழுக்க ஈரம்.

"முடிஞ்சிடுச்சிக்கா."

"எப்ப?"

"இப்பதான். கெடச்சிடுச்சி."

"அப்ப ஏன்டி நிக்கிற? தண்ணி குடு."

கொடுத்தேன். இரண்டு சொம்பு.