பெரியபிள்ளையின் பாவைப்பிள்ளைகள்

ஐயா,

என் அலுமாரியைத் திறந்தால் இப்போது கற்பூரம் மணக்கிறது. சாமியறைக் கற்பூரத்தை நான் எடுத்து வைத்திருக்கிறேன் என்று நினைத்து, அம்மா நேற்று என் உடுப்புகளுக்கு அடியில் கைவிட்டுத் தேடினார். அகப்பட்டவை மூன்று பாவைப்பிள்ளைகள். மரத்தில் கடைந்தது ஒன்று, துணியில் தைத்தது ஒன்று. மூன்றாவது, கண் மூடித் திறக்கிற வெள்ளைக்காரப் பிள்ளை. கற்பூரம் கலந்து செய்த செலுலாயிட் உடம்பு, முட்டைக் கோதுபோல மெல்லியது. அதன் தலையில்தான் அந்த மணம். முன்பு என்னிடம் இருந்ததும் இப்படித்தான் மணக்கும். "உதென்ன பிள்ளை, கோயில் மாதிரி மணக்குது" என்பீர்கள்.

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பதினெட்டு வயது; கலியாணம் பேச ஆட்கள் வந்துபோகிற வீடு. நான் மூன்றையும் எடுத்துத் திரும்ப உடுப்புகளுக்கு அடியில் வைத்தேன். ஆனால் எனக்கு ஆத்திரம் வந்தது. அம்மாவில் இல்லை, ஐயா. உங்களில்.

முன்பு என்னிடம் ஏழு பாவைகள் இருந்தன, திருவிழாக்களில் ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தகரப்பெட்டியில் வைத்தவை. நீங்கள்தான் அவற்றை இல்லாமல் ஆக்கினீர்கள். அதனால் இந்த வயதில் நான் மருதனார்மடத்துக் காப்புக் கடையில் பயந்து பயந்து நின்று, ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. கடைக்காரர் "தங்கச்சிக்கோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். எனக்குத் தங்கச்சி இல்லை என்பது அவருக்கும் தெரியும். அந்த மனிதர் மரியாதையாகக் கடதாசியில் சுற்றித் தந்தார். அடுத்த மாதம் போனபோது, "தங்கச்சிக்கு இதுவும் பிடிக்கும்" என்று மரப்பிள்ளையைத் தானாகவே எடுத்து நீட்டினார்.

அவர் புரிந்துகொண்ட அளவுக்குக்கூட நீங்கள் என்னைப் புரிந்துகொள்ளவில்லை. ஒன்பது வயதில் ஒருநாள், நீங்கள் சாவகச்சேரிக்கு வெங்காயம் கொண்டுபோகப் புறப்பட்டபோது வாசல் படலையடியில் வந்து நின்றேன். உங்களோடு இரண்டு ஆட்கள் நின்றார்கள். அவர்கள் முன்னால் 'பாவை' என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "ஐயா, எனக்கொரு பிள்ளை வாங்கிக்கொண்டு வாங்கோ" என்று மட்டும் முணுமுணுத்தேன். பின்னேரம் பஸ்ஸால் இறங்கி வந்தீர்கள். மடியில் குழந்தையைப்போல ஒரு தென்னம்பிள்ளை.

"நல்ல இனம். மூண்டு இலை விட்டிருக்கு" என்றீர்கள். தோட்டக்காரனின் மகள் தானாகவே மரம் கேட்டதில் உங்களுக்கு எவ்வளவு பெருமை! கிணற்றடியில் குழி வெட்டி, என் கையாலேயே நட வைத்தீர்கள். அம்மா நான் கேட்டது எதுவென்று விளங்கி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடிப்போனார். நான் உங்களுக்கு அதைச் சொன்னேனா? இல்லை. நீங்களோ மகள் மரம் கேட்டாள் என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தீர்கள். நானும் வாயை மூடிக்கொண்டு, எனக்கு வேண்டாத ஒரு மரத்துக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது நான் பெரியபிள்ளையான நாட்களில் நடந்தது. பதின்மூன்று வயது. ஆண்கள் கண்ணில் படக்கூடாது என்று அறை மூலையில் இருத்தி, முட்டையும் நல்லெண்ணெயுமாகத் தந்துகொண்டிருந்தார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது என்பதும் அந்த அறைக்குள் இருந்தபோதுதான் என் காதில் விழுந்தது. அம்மாவுக்குத் தொய்வு, மூச்சு இழுக்கிறது, வீட்டில் ஆள் வேண்டும் என்று. சாவகச்சேரியிலிருந்து பார்க்க வந்த மாமி, உங்கள் தங்கச்சி, தன் மூன்று வயதுக் குழந்தையையும் கூட்டிவந்திருந்தார். அது விறாந்தையில் விழுந்து புரண்டு அழுதது. நீங்கள் தகரப்பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. அந்த மூடியின் கிறீச் சத்தம் எனக்குத் தெரியாதா? அழுகை நின்றது. மாமி, "அவளின்ரை எல்லோ அண்ணை" என்று இழுத்தார்.

"பெரியபிள்ளைக்கு என்னத்துக்குப் பாவைப்பிள்ளை? பெட்டியோடை கொண்டு போ."

சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். எனக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு துணித்திரை மட்டும் இருந்தது. வெளியே வரக்கூடாது, ஆனால் வாயைக் கட்டியா வைத்திருந்தார்கள்? ஏழு பிள்ளைகளும் படலையைத் தாண்டிப் போகும்வரை திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதன்பிறகு உங்களோடு கதைப்பதில்லை என்று முடிவெடுத்தேன். ஓம், இல்லை, சாப்பாடு வைச்சிருக்கு, அவ்வளவுதான். நான்கு வருடம் அப்படியே இருந்தேன். அதில் எனக்கு இன்றுவரை தாங்க முடியாதது என்ன தெரியுமா? ஒருவருமே அதைக் கவனிக்கவில்லை. முன்பும் நான் அவ்வளவுதான் கதைத்தேன். என் கோபமும் என் வெட்கமும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருந்திருக்கின்றன. போன வருடம் நெஞ்சு நோகிறது என்று படுத்த நீங்கள் எழும்பவில்லை. நான் உங்களோடு கோபம் என்று சொல்ல நீங்கள் இல்லாமல் போய்விட்டீர்கள்.

நேற்று அம்மா என் மூன்றையும் பார்த்துவிட்டபின், இனி ஒளிக்க என்ன இருக்கிறது என்று இன்று காலை பெட்டியைத் திருப்பிக் கேட்கத் தனியாகவே சாவகச்சேரிக்கு, மாமி வீட்டுக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒரே வசனத்தைச் சொல்லிப் பழகிக்கொண்டு போனேன். அங்கே போய் உட்கார்ந்ததும் அந்த வசனம் வெளியே வரவில்லை. சுகம் கேட்டேன். மழையைப் பற்றிக் கதைத்தேன். தேத்தண்ணீரைக் குடித்தேன். என் கண் மட்டும் பெட்டி இருந்த அறை மூலைக்குப் போய்ப்போய் வந்தது. மாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"கொப்பர், என்ரை அண்ணையும், உப்பிடித்தான் இரண்டு தரம் வந்து இருந்தவர். பெட்டியைப் பாக்கிறார், தேத்தண்ணியைக் குடிக்கிறார், மழையைக் கதைக்கிறார். திருப்பிக் கேக்கத்தான் வந்தவர் எண்டு எனக்குத் தெரியும். வாயைத் திறந்து கேக்கட்டும் எண்டு நானும் இருந்தனான். கேக்கேல்லை."

எனக்கு அழுகை வரும் என்று நீங்கள் நினைக்கலாம். வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இவ்வளவு தூரம் இரண்டு தரம் வந்த மனிதருக்கு ஒரு வசனம் கேட்க வாய் வரவில்லையா? சரி, மாமியிடம் கேட்க வெட்கம் என்றால், வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லியிருக்கலாமே, கேட்கப் போனேன் என்று!

அந்த எரிச்சலில்தான் எழும்பினேன். மூலையில் மாமியின் மகள் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அவளுக்கு எட்டு வயது. கண் மூடுகிறதைத் தரச்சொல்லிக் கேட்டேன்.

"தரமாட்டன். மாமா எனக்குத் தந்தது."

"மாமா என்னைக் கேக்காமல் தந்தவர். அது என்ரை."

என் சத்தத்தைக் கேட்டு மாமி திடுக்கிட்டுத் திரும்பினார். நானும் திடுக்கிட்டேன். அவள் கொஞ்சமும் அசையவில்லை. பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப நீங்கள் ஏன் மச்சாள் அண்டைக்கே சொல்லேல்லை?"

நான் அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன், ஐயா. அவளிடமிருந்து ஒன்றையும் பறிக்க மனம் வரவில்லை. அவள் அவற்றை நன்றாகத்தான் வைத்திருக்கிறாள். எல்லாவற்றுக்கும் உடுப்புத் தைத்துப் போட்டிருக்கிறாள். பஸ் வரும்வரை கண் மூடுகிறதை என் மடியில் வைத்திருக்க விட்டாள். பிறகு கையை நீட்டித் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

வெறுங்கையோடுதான் திரும்பி வந்தேன். அலுமாரியில் இருக்கிற மூன்றையும் எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தேன். அம்மா பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். இவை இங்கேதான் இருக்கும் என்றேன். கலியாணம் பேச வருகிறவர்களும் பார்க்கட்டும் என்றேன். அம்மா என்னை ஒரு புது ஆளைப்போலப் பார்த்தார்.

உங்களில் இருக்கிற கோபம் இன்னும் தீரவில்லை. தீராது என்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தத் துணித்திரைக்குப் பின்னாலிருந்து சொல்லாமல் விட்டதை ஐந்து வருடமாக வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். மிகவும் பிந்திவிட்டது. என்றாலும் இப்போது சொல்கிறேன், கேளுங்கள்.

ஐயா, அதுகளைக் குடுக்காதேங்கோ. எனக்கு வேணும்.