பெயர் கேட்காத பரிசோதனை

மார்ச் 4
காலையிலிருந்து படுக்கை விரிப்பு மூட்டைகள். ஹோட்டல் நிரம்பி வழிகிறது, லாண்டரியில் நாங்கள் சாகிறோம்.

மதியம் நாத்தனார் போன். ஊரில் என் மகளுக்குப் பல் விழுந்த கதை. நடுவில், "தம்பிக்கு மாத்திரை ஒத்துக்கிச்சு, வாந்தி நின்னுடுச்சு. ரெண்டு மாசம் ஆச்சுல்ல" என்றார். என்ன மாத்திரை என்றேன். "உன்கிட்ட சொல்லலையா?" என்று சட்டெனப் பேச்சை மாற்றப் பார்த்தார். நான் விடவில்லை. கடைசியில் சொன்னார். என் புருஷனுக்கு எச்.ஐ.வி.

நான் விடுமுறைக்கு ஊருக்குப் போய் வந்து நான்கு மாதம்தான் ஆகிறது.

மார்ச் 5
புருஷன் கூப்பிட்டார். சாப்பிட்டியா, வேலை அதிகமா, உடம்பைப் பாத்துக்கோ. உடம்பைப் பாத்துக்கணுமாம்! பாவி மனுஷா, சொல்ல வாய் வரலையா? நான் யாரு உனக்கு? — எதையும் கேட்கவில்லை. முதலில் எனக்கு இருக்கிறதா என்று தெரியட்டும்.

மார்ச் 7
கம்பெனி டாக்டரிடம் போனால் எனக்கு முன்பே மேனேஜருக்குத் தெரிந்துவிடும். வேலை போய், மறுநாளே ஊருக்கு விமான டிக்கெட். பஸ் நிலையக் கழிப்பறைக் கதவில் ஒரு நோட்டீஸ் பார்த்தேன்: எச்.ஐ.வி. பரிசோதனைக்குப் பெயர் வேண்டாம், அடையாள அட்டை வேண்டாம், ஒரு எண் போதும். போகிறேன். தெரியாமல் பயப்படுவதைவிடத் தெரிந்துகொண்டே பயப்படலாம்.

மார்ச் 11
பரிசோதனை நிலையம் செருப்புக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. மாஸ்க், தலையில் முக்காடு, கறுப்புக் கண்ணாடி. பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. ஏதாவது ஒரு எண் சொல்லச் சொன்னாள் நர்ஸ். யோசிக்காமல் 214 என்றேன். என் சீருடைக் காலருக்குள் சிவப்பு நூலில் தைத்திருக்கும் லாண்டரி எண்!

அவள் அதை உரக்கக் கூப்பிட்டாள். மூலையில் ஒரு தலை நிமிர்ந்தது. எங்கள் இஸ்திரி அக்கா. தினமும் அந்தக் காலரைத் தேய்ப்பவர். என் மண்டையில் களிமண்தான் இருக்கிறது.

ரத்தம் கொடுத்துவிட்டு வந்தால், படியில் நிற்கிறார். ஓடிவிடலாமா? "எதுக்குடி நடுங்குற? நான் மூணு வருஷமா இங்க மாத்திரை வாங்குறேன். உன் சட்டையைத் தேய்க்கிறேனே, என் வேலையில என்னைக்காவது குறை கண்டியா?"

இல்லை. ஒருநாளும் இல்லை.

மார்ச் 12
அக்கா யாரிடமும் மூச்சு விடவில்லை.

மார்ச் 18
இருக்கிறது.

நர்ஸ் நிதானமாக விளக்கினாள். மாத்திரையை விடாமல் போட்டால் மகளுக்குக் கல்யாணம் செய்து, பேரன் பேத்தியையும் பார்க்கலாமாம். தலையாட்டினேன். வெளியே வந்து, காத்திருந்த அக்கா தோளில் விழுந்து அழுதேன். புருஷன் மேல் அவ்வளவு ஆத்திரம். என் மேலும்தான், எதற்கென்று தெரியவில்லை. "அழுது முடிச்சியா? முகத்தைக் கழுவு, ஷிப்டுக்கு நேரமாச்சு" என்றார் அக்கா. கழுவினேன். போனேன்.

மார்ச் 26
மாத்திரை தொடங்கி ஒரு வாரம். முதல் சில நாள் இருந்த தலைச்சுற்றல் நின்றுவிட்டது.

இடைவேளையில் நானே புருஷனுக்கு போன் போட்டேன். நலம் விசாரிக்க விடவில்லை.

"நான் காலையில ஆறு மணிக்கு மாத்திரை போடுறேன். நீங்க எத்தனை மணிக்கு?"

மறுமுனையில் விம்மல். அழட்டும் என்று விட்டேன். போனை மட்டும் வைக்கவில்லை. திட்டுவதற்கு நிறைய இருக்கிறது, அதை நேரில் போய்த் திட்டிக்கொள்கிறேன். அவர் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டதும் மறுபடி கேட்டேன்.

"சொல்லுங்க. எத்தனை மணிக்கு?"