காய்ச்சல் பிள்ளைக்கு ஞானஸ்நானம்

நவ. 12, திங்கள்
காலை முதல் மழை. குடைக்கம்பி ஒடிந்தது, கட்ட வேண்டும்.
முத்தம்மா வந்தாள். கூலாய் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவள்; கணவன் இறந்தபின் சபையில் சேர்ந்தவள். ஆறு மாதப் பெண் குழந்தைக்குக் கடும் காய்ச்சல். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் கைவிரித்துவிட்டார்.
"கிராணியய்யா, பாதிரியார் வர்ற வரைக்கும் தாங்காது. நீங்களே ஞானஸ்நானம் குடுத்துடுங்க. இல்லாட்டி எம்புள்ள நரகத்துக்குத்தானே போகும்?"
பாதிரியார் சிங்கப்பூரிலிருந்து ஞாயிறுதான் வருவார். நான் தோட்டத்தில் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற கிராணி. அவர் வராத வாரங்களில் வேதம் வாசிப்பவன், அவ்வளவே. ஆபத்து வேளையில் சபையார் எவரும் கொடுக்கலாம். தெரியும். தெரிந்தும், யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நரகக் கேள்வியைத் தொடவே இல்லை.

நவ. 13, செவ்வாய்
மழை. தொழிலாளர் லயத்துக்குப் போனேன். குழந்தையின் நெற்றி கொதிக்கிறது. வாசலில் முத்தம்மாவின் கொழுந்தன், எனக்குக் கேட்கும்படியே:
"காய்ச்சல்ல கெடக்குற புள்ள தலையில தண்ணியா? செத்துச்சுன்னா கிராணி கணக்குல எழுதிக்க வேண்டியதுதான்."
சுற்றிலும் சிரிப்பு. தலைவலி என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.
வீட்டில் மனைவி: "இஞ்சாருங்கோ, காய்ச்சல் பிள்ளைக்கோ, உங்களுக்கோ?"
பயங்கள்: 1. தண்ணீர் பட்டுக் குழந்தை செத்துவிடும். 2. பாதிரியார் கோபிப்பார். 3. முத்தம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.
மூன்றாவதே பெரிது. இத்தனை வருடம் வாசித்து என்ன?

நவ. 14, புதன்
விடியுமுன் வேதத்தை எடுத்தேன். முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி விரல் வைத்து. ரோமர் 5: நாம் பாவிகளாக இருக்கும்போதே கிறிஸ்து நமக்காக மரித்தார். இருக்கும்போதே! நாம் எதையும் செய்யுமுன். லூக். 23: சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு யார் தண்ணீர் ஊற்றினார்? அவனுக்கும் அன்றே பரதீசு. மாற்கு 10: பிள்ளைகளைத் தடுத்தவர்கள் சீஷர்கள்தான்; அவரோ வரவிடுங்கள் என்றார்.
அப்படியானால் நான் போகாவிட்டாலும் குழந்தைக்கு நஷ்டமில்லை. அப்பாடா என்றிருந்தது. உடனே வெட்கம். இது தெரியாமல் அங்கே ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள்.
பிற்பகல் போனேன். மனைவி வெந்நீரை ஆற்றிப் போத்தலில் தந்தாள். முதலில் முத்தம்மாவிடம்: "தண்ணீர் ஊற்றாவிட்டாலும் பிள்ளை ஆண்டவருடையதுதான், அம்மா. நரகம் இல்லை."
"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, ஐயா."
போத்தலைத் திறந்தேன். கொழுந்தன் போத்தலைத் தொட்டுப் பார்த்தான். "வெதுவெதுப்பாத்தான் இருக்கு. ஊத்துங்க."
மரியாள் என்று பெயரிட்டு ஊற்றினேன். பாதித் தண்ணீர் என் வேட்டியில். குழந்தை சிணுங்கியது.

நவ. 15, வியாழன்
குழந்தை இரவைக் கடந்தது. இன்னும் பால் குடிக்கவில்லை. பயம் அப்படியே இருக்கிறது.
"நேத்து சொன்னீங்களே, அத மறுபடி சொல்லுங்க ஐயா" என்றாள் முத்தம்மா, லயத்துக்குப் போனபோது.
சொன்னேன். கொழுந்தன் வெற்றிலையைத் துப்பிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான்.
குடை இன்னும் கட்டவில்லை.