நெருப்பு தொடாதது

மார்ச் 3, திங்கள்

அப்பாவின் எடை 46.2. நர்ஸ் சத்தமாகவே படித்தார்.

நுரையீரல் கட்டி மருந்துக்குக் கட்டுப்படுகிறதாம். உடம்புதான் கரைகிறது. அடுத்த கீமோ 24-ஆம் தேதி. "நாப்பத்தஞ்சுக்குக் கீழ போச்சுன்னா என்னால மருந்து ஏத்த முடியாதும்மா. எப்படியாவது சாப்பிட வைங்க" என்றார் டாக்டர்.

எப்படியாவது. அம்பத்தூர் வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்வரை மண்டைக்குள் இந்த ஒரு சொல்தான்.

நாளை மறுநாள் சாம்பல் புதன். தவக்காலம் தொடங்குகிறது. அப்பா ஒருசந்தி நோன்பு இருப்பார். அம்மா, அவர், நான், மூன்று பேருக்கும் தெரியும். 

மார்ச் 5, புதன்

அப்பா நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து வந்தார். நோயாளிகளுக்குக் கடமை இல்லை என்று ஃபாதர் பூசையிலேயே சொன்னாராம். அம்மா அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள்.

"கடமைன்னு நான் எப்போ இருந்தேன், ஹெலினா?"

அவர் வைத்திருக்கும் சட்டம் வேறு. நாற்பது நாளும் மதியம் ஒருவேளை சோறு. காலையிலும் மாலையிலும் நெருப்பு தொடாதது மட்டும்: வாழைப்பழம், இளநீர், தண்ணீர். ஞாயிற்றுக்கிழமைக்கும் விலக்கில்லை. திருச்சபை இப்படி எங்கேயும் சொல்லவில்லை. தாத்தா காலத்து வழக்கமாக இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். கேட்டதில்லை.

மதியம் நான்கு கவளம். எண்ணினேன். எண்ணுவதை அவர் பார்த்தார்.

மார்ச் 7, வெள்ளி

கைப்பேசியில் ஒரு பெண். வெள்ளை வெளேரென்ற சமையலறை. "அடுப்பே வேண்டாம், பத்தே நிமிஷத்துல எனர்ஜி பால்ஸ்" என்று சிரிக்கிறாள். ஜிம்முக்குப் போகிறவர்களுக்காம். ஓர் உருண்டையில் நூறு கலோரி.

அடுப்பே வேண்டாம். அந்த வரியை மட்டும் மூன்று முறை திரும்ப ஓட்டினேன்.

பேரீச்சை, ஓட்ஸ், வேர்க்கடலை, எள், தேன். பேரீச்சையை வெந்நீரில் ஊறவைக்கச் சொல்கிறாள். வெந்நீர் கூடாது. மத்தியானம் இரண்டு மணிக்கு மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரே கை சுடும். அதில் ஊறவைத்தேன். மிக்ஸி இரண்டு முறை சிக்கி நின்றது. உள்ளங்கையில் தேன் தடவி உருட்டினேன்.

அப்பா ஓர் உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தண்ணி சுட வச்சியா?"

"தொட்டித் தண்ணிப்பா. வெயில்ல சுட்டது."

யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "வெயிலு சேத்தி இல்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கடித்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். இந்த வீட்டில் சிரிப்புக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

ஓட்ஸை ஆவியில் வேகவைத்துத்தான் நசுக்குகிறார்கள். படித்திருக்கிறேன். சொல்லவில்லை.

மார்ச் 10, திங்கள்

வாந்தி. மூன்று நாளாகவே. பச்சைக் கடலையின் வாடை அவருக்கு ஆகவில்லை. "உள்ள போவ மாட்டேங்குது, ரெனி. நீ மனசுல வச்சிக்காதே."

மார்ச் 11, செவ்வாய்

பக்கத்து வீட்டு நாகம்மா அக்காவின் அடுப்பில் கடலையை வறுத்தேன். எங்கள் வீட்டில் வறுத்தால் வாசனை அப்பாவுக்குத் தெரிந்துவிடும்.

"இன்னாடி, உங்க ஊட்ல கேஸ் தீந்துபோச்சா?"

"ஆமாக்கா."

கடலையின் தோலை ஊதி அவர்கள் வாசலிலேயே கொட்டிவிட்டு வந்தேன். மாலையில் அப்பா நான்கு உருண்டை சாப்பிட்டார். நான்கும் தங்கின.

"பச்சைக் கடலைதானே? இப்ப நல்லாக் கீதே?"

"ஆமா."

எம்.ஏ. தத்துவ வகுப்பில், கொலைகாரன் கதவைத் தட்டி நண்பன் எங்கே என்று கேட்டால் பொய் சொல்லலாமா என்று இரண்டு மணி நேரம் விவாதித்தோம். கூடாது என்ற பக்கத்தில் பேசினேன். கைதட்டல்கூட வாங்கினேன்.

மார்ச் 14, வெள்ளி

காலை நான்கு, மாலை ஐந்து. மருந்துக்கடைத் தராசில் 46.5.

மார்ச் 16, ஞாயிறு

பூசை முடிந்து வந்து தட்டோடு உட்கார்ந்தார். நன்றாக இருந்தார். அதனால்தான் பேசினாரோ.

"நெருப்பு இன்னாத்துக்கு வேணான்னு வச்சேன், தெரியுமா?"

தாத்தா, என்றேன்.

"உன் தாத்தாவா! அந்தாளு பெரிய வெள்ளிக்கே கறி கேப்பாரு."

பிறகு வேம்புலி என்ற பெயரைச் சொன்னார். அம்பத்தூர் எஸ்டேட்டில், இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியில் அப்பாவோடு வேலை செய்தவர். பதினொரு வருடத்துக்கு முன்னால் உருகிய இரும்பு தெறித்து, இடுப்புக்குக் கீழே.

"கால்ல மாட்ற தோல் உறை ஸ்டோர்லயே இல்ல, ரெனி. நாலு மாசமா இல்ல. நான் ஷிப்ட் இன்சார்ஜ். 'குடுத்தோம், அவன்தான் போட்டுக்கல'ன்னு எழுதி நீட்னாங்கோ. போட்டேன் கையெழுத்து. ஆறாம் நாளு செத்துப் பூட்டான்."

அந்தக் காகிதம் வெளியே வந்ததும் வேம்புலியின் மனைவி வீடு தேடி வந்தாராம். "'இன்னாண்ணே, அவுரு நெசமாவே போட்டுக்கலியா'ன்னு கேட்டுச்சு. ஆமான்னேன்."

ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லையா என்று கேட்டேன். செய்தாராம். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார்களாம். "மூணு! எனக்கே சிரிப்பு வந்துச்சு. அதான் நானே ஒண்ணு வச்சிக்கினேன்."

பேசிக்கொண்டே மூன்றாவது உருண்டையை எடுத்தார். பிடுங்கியிருக்க வேண்டும். என் கை மடியிலேயே கிடந்தது.

மார்ச் 17, திங்கள்

சொல்லிவிடலாம். சொன்னால் நிறுத்துவார். நிறுத்தினால் 45-க்குக் கீழே. 24-க்குப் பிறகு சொல்லலாம். முழங்காலில் நின்று சொல்லலாம்.

இதுவரை காரணம் தெரியாமல் செய்தேன் என்று வைத்துக்கொண்டாலும் இனி அப்படி இல்லை. நாகம்மா வீட்டு வாணலியில் இன்று அரைக் கிலோ வறுத்தேன். தெரிந்தே.

மார்ச் 18, செவ்வாய்

46.7.

மார்ச் 20, வியாழன்

சாயங்காலம் நாகம்மா அக்கா காய்ச்சல் மாத்திரை கேட்டு வந்தார். அப்பா தட்டை நீட்டினார். "எடுத்துக்க, நாகு. அடுப்பே காட்டாம எம் பொண்ணு செஞ்சது. சாமியார் மடத்துலகூட இப்டி கெடைக்காது." பெருமை.

அக்கா வாயில் போட்டு மென்றார். "ஐய, இன்னா அண்ணாத்தே கத உடற! எங்க ஊட்டு வாணல்ல வறுத்த கடலை இது. வாரம் ரெண்டு தபா வந்து வறுத்துகினு போதே!"

ஒரு வினாடி எல்லோரும் சிரிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டிருந்தோம்.

அப்பா வாயில் இருந்ததைக் கையில் துப்பினார். எழுந்து போய்க் கொப்பளித்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "எத்தினி நாளா?" என்று மட்டும் கேட்டார்.

"பத்து."

"அப்போ பத்து நாளைக்கு மத்தியானச் சோறும் வேணாம்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். என்னைப் பார்த்து, "உன்ன யார்டி கேட்டா? படிச்ச படிப்புல இதான் சொல்லிக் குடுத்தானா?" என்றாள்.

நான் செய்தது என்ன? பசியைத் தள்ளிப்போட்டேன். அவ்வளவுதான்.

மார்ச் 21, வெள்ளி

தண்ணீர். பாதி வாழைப்பழம்.

மார்ச் 22, சனி

அம்மா ஃபாதரை அழைத்து வந்தாள். சின்ன வயது, நல்லவர். இறைவன் இதைக் கேட்கவில்லை, உங்கள் உயிரும் அவர் கொடுத்ததுதான் என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார்.

"ஃபாதர், நீங்க அந்தக் காயிதத்துல கையெழுத்துப் போடல" என்றார் அப்பா.

அவர் போன பிறகு கட்டிலருகே உட்கார்ந்து கத்தினேன். நான் பண்ணதுக்கு நீ ஏம்ப்பா பட்டினி கெடக்கறே, என்னப் போட்டு அடியேன், செத்துத் தொலைஞ்சா யாருக்குப்பா லாபம், வேம்புலி எழுந்து வந்துடுவாரா— இன்னும் என்னென்னவோ. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் சுற்றி வந்து சேரவில்லை. அந்த அளவுக்குக்கூடப் பிடி இல்லை.

"நீ எனக்கோசரம் பொய் சொன்னே. நான் எனக்கோசரம் சொன்னேன். அதான் வித்யாசம்" என்றார்.

வித்தியாசம் இருக்கிறதா? என் கை ரேகைக்குள் இன்னும் தேன் பிசுபிசுப்பதுபோல இருக்கிறது.

மார்ச் 24, திங்கள்

44.4.

டாக்டர் பேனாவை மூடினார். "ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. பார்ப்போம்."

அறுநூறு கிராம்.

மார்ச் 31, திங்கள்

பத்து நாள் முடிந்தது. அம்மா ரசம் சோறு குழையப் பிசைந்து வைத்தாள். அப்பா சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சாப்பிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தார். இரண்டு கவளத்துக்கு மேல் இறங்கவில்லை. "இப்ப நான் அடம் புடிக்கல, ஹெலினா" என்றார், மன்னிப்புக் கேட்பதுபோல.

ஏப்ரல் 2, புதன்

காய்ச்சல். மூச்சு வாங்குகிறது. எதுவும் எழுத வரவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு திங்கட்கிழமை.

ஏப்ரல் 7, திங்கள்

"இனிமே பத்தியம் ஒண்ணும் வேணாம்மா. விருப்பப்பட்டதைக் குடுங்க" என்றார் டாக்டர். கட்டி ஈரலுக்குப் போயிருக்கிறது. ஒருமுறைகூட ஃபைலைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினார்.

ஆனால் அவர் சொல்வதற்கு முன்பே தெரிந்துவிட்டது. வராந்தாவில் எங்கள் முறை வந்ததும் அப்பா வழக்கம்போலச் செருப்பைக் கழற்றினார். சட்டைப்பையிலிருந்த ஜெபமாலையையும் மூக்குக்கண்ணாடியையும் என்னிடம் கொடுத்தார். எடை மேடையில் ஏறுவதற்காக என் தோளைப் பிடித்தார்.

நர்ஸ் சீட்டைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"உங்களுக்கு வேணாம் ஐயா. நேரா உள்ள போங்க."

அப்பா என் தோளிலிருந்து கையை எடுத்தார். பிறகு செருப்புக்குள் காலை விடப் பார்த்தார். கால் வீங்கியிருந்தது. பின்னால் வரிசையில் எல்லோரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். நான் குனிந்து வாரைப் பிடித்துக்கொண்டேன்.