வடக்குக் கிணற்றின் அளவு

ஜூலை 3, வியாழன்

விடாத மழை. பாறசாலை பஸ் அரை மணி லேட். பள்ளியில் குடை மாறிப்போனது. கையில் இருப்பது யாருடையது என்று தெரியவில்லை.

இதை ஃபிசிக்ஸ் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். மலையாளப் பள்ளி, தமிழில் எழுதினால் வகுப்பில் யாருக்கும் வாசிக்க வராது. வீட்டில் வல்லியம்மா வாசிப்பாள், அம்மாவின் அக்கா. அதனால் அவள் தூங்கிய பிறகு.

அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்து நாலாம் நாள். வலது கண்ணின் உள்ளே திரை பிய்ந்துவிட்டது. வாயு வைத்து ஒட்டியிருக்கிறார்கள். பத்து நாள் முகம் கவிழ்ந்தே கிடக்க வேண்டும். நிமிர்ந்தால் வாயு இடம் மாறும், கண் போகும். இடது கண்ணாலும் ஸ்கிரீன் பார்க்கக் கூடாது. எனக்கு இரவில் அந்தக் கண்ணே நினைவு.

அப்பா கொல்லத்தில் வேலை. சனிக்கிழமைதான் வருவார். இந்த வாரம் அதுவும் இல்லை.

வேலைப் பங்கீடு:
சொட்டு மருந்து – வல்லியம்மா
சமையல் – வல்லியம்மா
தீவு – நான்

தீவு என்றால் அம்மாவின் வேலை. பசிபிக் கடலில் மோதிரம் மாதிரி மெலிந்த தீவுகள். கடல் ஏறிவரும்போது அங்குள்ளவர்கள் குடிநீரை எப்படிக் காப்பது என்று திட்டம் போட்டுக் கொடுப்பாள். வருஷத்தில் நாலு மாதம் அங்கே, மீதி மாதம் இங்கே லாப்டாப்பில். இப்போது ஒரு தீவு, மூன்று கிணறு. மண்ணுக்குள் உப்புத் தண்ணீர், அதன் மேலே பாலாடை மாதிரி கொஞ்சம் மழைத் தண்ணீர். கிணறு தொடுவது அந்த ஆடையைத்தான்.

அங்கே தெரேசியா என்று ஒரு அக்கா. தினமும் காலையில் மூன்று கிணற்றிலும் உப்பு மீட்டரை இறக்கி போட்டோ அனுப்புவாள். நான் நம்பரை லாப்டாப் சீட்டில் அடிக்க வேண்டும். அடித்ததும் கட்டம் தானாகப் பச்சை, மஞ்சள், சிவப்பு ஆகும்; எந்த நம்பருக்கு எந்த நிறம் என்ற கணக்கு சீட்டில்தான் இருக்கிறது. தெரேசியா தன் போனில் நிறத்தைப் பார்த்து அந்த நிறத் துணியை ஊர் மண்டபத்தில் கட்டுவாள். சிவப்பு கட்டினால் மழைநீர்த் தொட்டியின் பூட்டைத் திறந்து முதலில் கைக்குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள். சிவப்பு இல்லாமல் பூட்டைத் தொடக்கூடாது. முன்னே ஒரு வறட்சியில் அவரவர் திறந்து அடிதடி ஆனதாம். அதற்குப் பிறகு ஊர்க்கமிட்டி போட்ட சட்டம், அம்மா எழுதிக் கொடுத்தது.

வல்லியம்மா: "நம்ம பைப்புல மூணு நாளா வெள்ளம் இல்ல. அதுக்கு ஒரு சீட்டு உண்டா பிள்ளே?"

அம்மா தரையைப் பார்த்தபடியே, "உண்டு. அதுக்கு எப்பவும் சிவப்பாக்கும்" என்றாள். சிரித்ததில் தலை ஆடியது. வல்லியம்மா பிடரியைப் பிடித்து அமர்த்தினாள்.

தெ. குரல் செய்தி: நேற்று இரவு வடக்குப் பக்கம் அலை ரோட்டைத் தாண்டியது. போட்டோக்கள் வந்தன, திறக்கவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது. எனக்கு பஸ். நேற்றைய நம்பரையே எடுத்துக் கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றிப் போட்டேன். மூன்றும் பச்சை. பிறகு திருத்திக்கொள்ளலாம்.

ஜூலை 4, வெள்ளி

மழை. நாளை ஸ்பெஷல் கிளாஸ், ஃபிசிக்ஸ் லேப் ரெக்கார்டு அதில் வைக்க வேண்டும். பெண்டுலம் சோதனையை லேபில் ஷைனி மட்டும்தான் செய்தாள். நாங்கள் ஏழு பேரும் அவள் ரீடிங்கை வாங்கிக் கடைசி இலக்கத்தை ஆளுக்கொரு விதமாக மாற்றினோம். அப்படியே எழுதினால் டீச்சர் கண்டுபிடிப்பார். விடை சரியாக வர வேண்டும், அதனால் விடையிலிருந்து பின்னால் போவது. எல்லாரும் அப்படித்தான். போன வருஷம் என் ரெக்கார்டுக்கு முழு மார்க்.

இன்றும் தீவின் போட்டோ திறக்கவில்லை. நானும் மறுபடி முயலவில்லை. அதே மாதிரி போட்டேன்.

அம்மா: "வடக்குக் கிணறு எப்படி மக்களே?"
"அப்படியேதான் அம்மா."
"அலை ஏறினதுக்குப் பிறகுமா?"
"ஆமா."
"போட்டோவுல நீ பாத்தியா?"
"பாத்தேன்."

அம்மா, "நல்லதாப் போச்சு" என்றாள்.

ஜூலை 5, சனி

காலையில் போட்டோ எல்லாம் ஒன்றாகத் திறந்துவிட்டது.

வடக்குக் கிணறு வியாழனே சிவப்பு. வெள்ளி அதற்கும் மேலே. இன்று இன்னும் மேலே. மற்ற இரண்டும் சரிதான். மீட்டரின் மூலையில் தெரேசியாவின் கட்டைவிரல், நகத்தில் மண். மூன்று நாளும் அதே விரல்.

இன்று திடீரென்று சிவப்பு போட்டால் அம்மா நேற்று என்ன, முந்தாநாள் என்ன என்று கேட்பாள். கிராஃபில் ஒரு புள்ளி மட்டும் துள்ளி நின்றால் டீச்சர் வட்டம் போடுவதுபோல. மெதுவாக ஏற்றுகிறேன். இன்று பச்சையின் உச்சி. நாளை மறுநாள் மஞ்சள். புதன்கிழமை சிவப்பு. அப்போது ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

மத்தியானம் தெ. எழுதினாள்: வடக்குக் கிணற்றில் உப்பு கூடின மாதிரி பெண்கள் சொல்கிறார்கள், பச்சை சரிதானா?

அம்மாவின் போனிலிருந்து நான் பதில் போட்டேன். சரிதான்.

அம்மாவிடம் இதை வாசிக்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

கோவில் ஆராதனை முடிந்து சபையிலிருந்து இரண்டு பேர் ஜெபம் பண்ண வந்தார்கள். அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாததால் அவள் முதுகிடம் பேசினார்கள். வந்தவர்களில் மேரி பாட்டிக்குத் தீவு மேல்தான் அக்கறை.

"அங்க உள்ளவிய நம்ம சபையா, வேற சபையா?"
"ரெண்டும் உண்டு பாட்டி" என்றாள் அம்மா.
"அப்பம் ஜெபம் பண்ணலாம், தப்பில்ல."

அவர்கள் ஜெபித்தபோது நான் கண்ணை மூடவில்லை. மூடினால் அந்த விரல்.

சாப்பாடு: மரச்சீனிக் கிழங்கு, மீன் கறி. பாதியில் எழுந்துவிட்டேன். வல்லியம்மா, "ஒனக்கு என்ன கேடு? அம்மைக்கு கண்ணுன்னா ஒனக்கு வயிறா?"

சீட்டில் வடக்கு: பச்சை. நிஜத்தில் எவ்வளவு என்று இங்கேகூட எழுத முடியவில்லை.

ஜூலை 7, திங்கள்

மழை இல்லை. புழுக்கம். இன்று மஞ்சள் போட்டேன்.

அம்மாவுக்குச் சந்தோஷம் மாதிரி ஒன்று. "ஆங், இப்பம் சரி. ஏறாம இருக்காதேன்னு நெனச்சேன். மெதுவா ஏறுது, அப்பம் நேரம் உண்டு. சிவப்பானா உடனே என்னை எழுப்பு, நான் உறங்கினாலும்."

எழுப்புகிறேன் என்றேன்.

ரெக்கார்டு திரும்பி வந்தது. முழு மார்க்.

ஜூலை 8, செவ்வாய்

ஒரு குழந்தைக்கு வலிப்பு.

காலையில் தெரேசியாவின் குரல் செய்தி. அம்மா விழித்திருந்தாள், ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். பெயர் மெரே. நாலு மாதப் பெண் குழந்தை. தாய்க்குப் பால் போதாமல் புட்டிப்பால். இரண்டு நாளாக அழுதுகொண்டே இருந்தது, தாகம் மாதிரி வாயைத் திறந்து திறந்து. நேற்று இரவு கைகால் வெட்டி இழுத்தது. படகில் பெரிய தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். எந்தத் தண்ணீரில் பால் கலக்கினார்கள் என்று அங்கே டாக்டர் கேட்கிறார். வடக்குக் கிணறு. நன்றாகக் கொதிக்கவைத்துத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

அம்மா இரண்டு தடவை கேட்டாள். பிறகு என்னிடம், "வெள்ளி, சனி, ஞாயிறு, வடக்கு என்ன?"

"பச்சை."

"நம்பர்?"

நான் போட்ட நம்பர்களை வாசித்தேன்.

"அப்பம் உப்பு இல்ல. கிருமியா இருக்கும். டாக்டருக்கு எழுது, உப்பால வந்திருக்க வாய்ப்பு இல்லன்னு. ஊர்ல மத்த பிள்ளையளுக்கு வெள்ளத்தை இன்னும் கூடுதல் நேரம் கொதிக்கவைக்கச் சொல்லு."

கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வற்றும், உப்பு வற்றாது. எட்டாம் வகுப்புப் பாடம். தெரிந்தும் நான்தான் அதை அடித்தேன். நான்தான் அனுப்பினேன்.

பள்ளிக்குப் போகவில்லை. தலைவலி என்றேன். வல்லியம்மா நெற்றியில் தைலம் போட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டாக்டர் கிருமிக்கு மருந்து கொடுக்கிறாராம். அம்மா சொன்னதால்.

நாளை சொல்ல வேண்டும். சொன்னால் அம்மா எழுந்து உட்காருவாள், கண் போகும். சொல்லாவிட்டால் அங்கே. இதை எழுதிக்கொண்டிருக்கிற நேரத்தில் அங்கே விடிந்திருக்கும். வேறு எந்த வீட்டில் கொதிக்கிறதோ.

ஜூலை 9, புதன்

காலை ஆறரைக்குச் சொல்லிவிட்டேன்.

கட்டிலுக்குக் கீழே தரையில், விளிம்புக்கு வெளியே கவிழ்ந்திருந்த அம்மாவின் முகத்துக்கு நேரே மல்லாந்து படுத்துச் சொன்னேன். நிமிர வேண்டாம் என்று அதற்காகத்தான். அவள் கண்ணில் கட்டு, மற்றக் கண் திறந்திருந்தது. வியாழன் முதல் எல்லாம் சொன்னேன். ரெக்கார்டு எழுதுகிற மாதிரி போட்டேன் என்பதையும்.

அம்மா நிமிரவில்லை. கட்டில் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"போட்டோவை எடு. நம்பர் மட்டும் வாசி. வடக்கு, வியாழன்."

வாசித்தேன். வெள்ளி. சனி. நேற்று வரைக்கும். அழுகையில் ஒன்று தவறியது.

"மறுபடி. கரையாதே. கரையது எல்லாம் பிறகு, இப்பம் நம்பர்."

தெரேசியாவை அழைத்தேன். அங்கே மத்தியானம். அம்மா தரையைப் பார்த்தபடி ஆங்கிலத்தில் சத்தமாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள். சீட்டு தவறு. கிணறு ஏழு நாளாகச் சிவப்பு. தொட்டியை இப்போதே திற. ஒருவரும் கொதிக்கவைக்க வேண்டாம், அந்தத் தண்ணீரையே தொட வேண்டாம். டாக்டரிடம் உப்பு என்று சொல், இரத்தத்தில் உப்பைப் பார்க்கச் சொல், நான் நேற்றுச் சொன்னது தவறு.

தெரேசியா, "நான் சனிக்கிழமை கேட்டேனே" என்றாள்.

அம்மாவுக்கு அது தெரியாது. என் பக்கம் கையை நீட்டினாள். நான் சனிக்கிழமைச் செய்தியையும் என் பதிலையும் வாசித்தேன். எல்லாவற்றிலும் அதுதான் கஷ்டமாக இருந்தது.

வல்லியம்மா கரண்டியோடு வந்து நின்றாள். "என்ன நடந்து? என்னத்துக்கு ரெண்டு பேரும் இப்பிடி?"

"என் சீட்டு தப்பாப் போச்சு அக்கா."

"ஒன் சீட்டா? நீ கண்ணையே திறக்கல்லியே."

"என் சீட்டாக்கும்."

மத்தியானம் அம்மா தன் ஆபீசுக்கு மெயில் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். நம்பர் பதிந்தது யார் என்று என் பெயரையும் வயதையும் சேர்த்து எழுதச் சொன்னாள். அடுத்த வரி: அந்த வேலையை மகளிடம் கொடுத்ததும், சரிபார்க்காததும், தவறான மருத்துவ ஆலோசனை சொன்னதும் நான். கீழே அம்மாவின் பெயர். இனி அம்மாவைத் தீவுகளுக்கு அழைப்பார்களா என்று கேட்டேன். "அதை அவங்க சொல்லட்டும்" என்றாள்.

ஒரு தடவைகூட என்னைத் திட்டவில்லை. சாப்பிட்டியா என்றும் கேட்கவில்லை.

சாயங்காலம் தெரேசியாவின் பதில்: இரத்தத்தில் உப்பு மிக அதிகம். மருந்தை மாற்றிவிட்டார்கள். மெதுவாகத்தான் இறக்க வேண்டுமாம், வேகமாக இறக்கினால் மூளை வீங்கும். ஊரில் இன்னும் இரண்டு குழந்தைகளுக்கு வாந்தி. தொட்டித் தண்ணீர் கொடுக்கிறார்கள்.

ஜூலை 10, வியாழன்

மேகம். பள்ளிக்கு அனுப்பவில்லை. நேற்றே அம்மா முடிவு செய்திருந்தாள். "அவங்ககிட்ட நீ சொல்லணும். நான் சொன்னது போதாது."

காலை எட்டுக்கு அழைப்பு. அவர்கள் ஊர் மண்டபத்தில் கூடியிருந்தார்கள். வீடியோ இல்லை, குரல் மட்டும். மெரேயின் தாய் ஆஸ்பத்திரியிலிருந்து அதே அழைப்பில். தெரேசியா இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தாள்.

நான் ஆங்கிலத்தில் எழுதிவைத்திருந்ததை வாசித்தேன். பாதியில் அம்மா, "தாள் வேண்டாம், சொல்லு" என்றாள். சொன்னேன். ஆட்கள் நகர்கிற சத்தம், ஒரு கோழி, பின்னால் கடல். யாரும் கத்தவில்லை. ஒரு வயதான ஆண் குரல் எனக்கு வயது என்ன என்று கேட்டது. பதினாறு என்றேன். அவர் அதை மற்றவர்களுக்குச் சொன்னார்.

பிறகு மெரேயின் தாய். வலிப்பு நின்றுவிட்டது என்றார். கண் திறக்கிறாள், ஆனால் கூப்பிட்டால் திரும்பவில்லை, டாக்டருக்கும் தெரியவில்லை.

நான் மன்னிப்புக் கேட்டேன். அதை தெரேசியா மொழிபெயர்த்தாளா என்று தெரியவில்லை.

அந்தத் தாய் ஒரே ஒரு கேள்வி கேட்டார். உண்மையான நம்பரை நீ பார்த்தது எந்த நாள்?

அம்மாவின் கை என் தோளில் இருந்தது. அழுத்தவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

சனிக்கிழமை காலை என்றேன்.

தெரேசியா அதை மொழிபெயர்த்தாள். அந்தத் தாய் சின்னதாக ஏதோ பேசினார். தெரேசியா எனக்குச் சொன்னாள்.

சனிக்கிழமை மெரே நன்றாகத்தான் இருந்தாளாம்.